திட்டிக்கொண்டே சுண்ணாம்பு அடித்த அக்கா

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மரியாதையெல்லாம் அதற்குப் பின்னால் மெதுவாக வரும். நான் வாடகை கொடுத்துக் குடியிருந்த வீட்டுக்குள் நின்றுகொண்டு, வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, “உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?” என்று என்னைக் கேட்டவர் அவர். எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அவர் வாயிலிருந்து அந்த ‘ங்க’ மட்டும் போகாது. அதனால் திட்டு கொஞ்சம் லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மரியாதையோடு திட்டு வாங்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படி உறைக்கும் என்று தெரியும்.

எட்டு வருடம் ஆகிறது. அப்போது நான் கொல்லிமலையில், செம்மேட்டில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சொந்த ஊர் அடிவாரத்தில் சேந்தமங்கலம். மலைக்கு வேலைக்கு வரும் எங்களைப் போன்ற கீழூர்க்காரர்களுக்கென்றே ஒரு மிளகு வியாபாரி வரிசையாக நான்கு வீடு கட்டி விட்டிருந்தார். அதில் கடைசி வீடு என்னுடையது. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு குளியலறை. கதவைத் திறந்து வாசலில் நின்றால் மொத்த வீட்டையும் பார்த்து முடித்துவிடலாம்.

அந்த அக்காவுக்கு மலையிலேயே எடப்புளி நாட்டுப் பக்கம் ஏதோ ஓர் ஊர். மிளகும் மரவள்ளியும் போட்ட சொந்தக் காடு உண்டு. காட்டில் வேலை இல்லாத நாட்களில் செம்மேட்டுக்கு வந்து வாடகை வீடுகளைச் சரிசெய்து கொடுப்பார். சுண்ணாம்பு அடிப்பது, பூச்சு உதிர்ந்த இடத்தில் பூசுவது, சுவரில் பலகை அடித்துத் தருவது எல்லாமே ஒற்றை ஆள். ஐம்பது வயதிருக்கும். புடவைக்கு மேலே ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு, தோளில் உரச்சாக்கில் தைத்த பை. அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் உட்பட எல்லோருக்கும் அக்காதான்.

ஒரு வீட்டுக்குள் வந்தால் அவர் முதலில் ஜன்னலைத் திறப்பார். யாரிடமும் கேட்க மாட்டார். அடுத்து பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்ப்பார். கை நுழைந்தால் தப்பித்தோம். நுழையாவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நேரம் சரியில்லை. எங்கள் மேலாளர் வீட்டில் கட்டில், பீரோ, சோபா, டிவி ஸ்டாண்டு என்று நான்கு பக்கமும் சுவரே தெரியாமல் அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத்தான் இடம் இருந்தது. அக்கா உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மேலாளரின் மனைவியிடம் கேட்டார்:

“ஏனுங்க, பின்னால பொணத்தயா ஒளிச்சு வெச்சிருக்கறீங்க? இத்தன சாமானச் செவுத்துக்கு அண்டக் குடுத்திருக்கறீங்களே?”

அந்த அம்மாள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மேலாளர் சொன்னார். மூன்றாம் நாள் சோபா வெளியே வந்துவிட்டது. “சின்ன ஊட்டுல தரைய ரொப்பக் கூடாதுங்க. தரைதானுங்க நாம இருக்கற எடம். சாமானு செவுத்து மேல ஏறோணும்” என்று சொல்லி, ஜன்னல் உயரத்துக்கு இரண்டு பலகை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் குழந்தைகள் உட்கார்ந்து விளையாட முடிந்தது. மேலாளர் என்னிடம் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். திட்டு வாங்கியது அவர் மனைவி, அதனால் அவருக்குச் சிரிப்பு வந்தது.

எதையாவது மூடி வைத்திருப்பதைக் கண்டால் அக்காவுக்கு ஆகாது. அவ்வளவுதான் அவர். சுவரில் தொங்கும் காலண்டரைக்கூடத் தூக்கிப் பார்ப்பார். கறை பட்ட இடத்தில் நாம் ஒரு படத்தை மாட்டியிருந்தால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். “மறச்சா போயிருமுங்களா?” என்று ஒரு கேள்வி வைத்திருந்தார். அதைச் சுவரிடமும் கேட்பார், சந்தையில் நல்ல மிளகுக்கு அடியில் பதரைப் போட்டு வைத்திருப்பவனிடமும் கேட்பார். சோளக்காட்டுச் சந்தையில் அவர் வருவதைக் கண்டாலே சாக்கு வாயைக் கட்டிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

அவர் சொந்த வீட்டுக் கதை மலையில் பலருக்குத் தெரியும். அவருக்கு அரசு உதவித்திட்டத்தில் ஒரு காங்கிரீட் வீடு கிடைத்தது. என் வாடகை வீட்டைவிடச் சிறியது. கட்டி முடிக்கும்போது சமையல் மூலையில் அடுப்புக்கு மேலே காற்றுப் போக வழி இல்லை என்று பார்த்தார். கொத்தனார் அந்தப் பக்கம் போனதும் உளியை எடுத்து, கூரைக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டுவிட்டார். முடிந்த வீட்டைப் படம் எடுக்க வந்த அலுவலர், பிளானில் இந்த ஓட்டை இல்லையே, அடைத்துவிட்டுச் சொல்லியனுப்புங்கள் என்றிருக்கிறார்.

“நான் சொன்னனுங்க,” என்று அக்காவே ஒரு நாள் என்னிடம் சொன்னார். “‘ஓட்டையோட படம் எடுங்க. இல்லாட்டி, நான் அடச்சுக் குடுக்கறேன், நீங்க உள்ள உக்காருங்க. பச்ச வெறக வெச்சு அடுப்பப் பத்த வெக்கறேன். சித்த நேரம் கழிச்சு வெளிய வாங்க, அப்பப் படம் எடுத்துக்கலாம்’னு.”

“அப்புறம்?”

“ஓட்டையோடதான் எடுத்தாரு.” இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. ஓட்டை இல்லாமல் ஒருவன் பிளான் போட்ட கோபம் அப்படியே இருந்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணம் தாமதமாகத்தான் ஆனது. மனைவி பூங்கொடிக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. பெண் பார்க்கும்போதே மறைக்காமல் சொன்னார்கள். மாமனார் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

“என்ற புள்ளைக்கு மலக்காத்து ஒத்துக்குமானு தெரியல மாப்ள. கூட்டிட்டுப் போங்க. ஒருக்கா இழுத்துச்சுன்னா நான் வந்து கூட்டியாந்துருவேன். அப்பறம் நீங்கதான் லீவுக்குக் கீழ வந்து பாத்துக்கோணும்.”

மாறுதல் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கல்யாணமாகி ஆறு மாதம் அவள் சேந்தமங்கலத்தில் அப்பா வீட்டில், நான் மலையில். சனிக்கிழமை பஸ்ஸில் எழுபது வளைவு இறங்குவேன், திங்கட்கிழமை காலையில் எழுபது வளைவு ஏறுவேன். முப்பத்தைந்து வயதில் மாமனார் வீட்டில் விருந்தாளி மாதிரிச் சாப்பிட்டு விருந்தாளி மாதிரிப் படுப்பது எவ்வளவு கேவலம் என்பது அனுபவித்தவனுக்குத் தெரியும். வீட்டைச் சரி பண்ணி அவளைக் கூட்டிவந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

எப்படிச் சரி பண்ணுவது? போன் இருக்கிறதே. சின்ன வீட்டை அழகாக்குவது எப்படி என்று ஆயிரம் வீடியோ. பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒருவன், நாற்றம் பிடித்த அறையை அரை மணி நேரத்தில் மாளிகை ஆக்குகிறான். அவனை இன்றைக்கு நேரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. செங்கல் டிசைன் போட்ட பிவிசி ஷீட், கனமான திரைச்சீலை, தரை முழுக்கக் கம்பளம், கூரை ஓரமாக மினுக்கு விளக்கு, எல்லாம் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரியம் செய்தேன். சுவர் உச்சியில் இருந்த வென்டிலேட்டர்கள் மூன்றையும் தெர்மாகோல் வெட்டி இறுக்கமாக அடைத்தேன்.

மலைக்கு வந்த கீழூர்க்காரன் எவனும் முதலில் செய்வது இதுதான். வெயிலில் வளர்ந்தவனுக்குக் குளிர் என்றால் பயம். எங்கெல்லாம் காற்று வருகிறதோ அங்கெல்லாம் அட்டை, துணி, தெர்மாகோல். இழுப்புக்காரப் பெண்டாட்டி வருகிறாள் என்றால் கேட்க வேண்டுமா? ஊசி நுழையாமல் அடைத்துவிட்டு, என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஷீட் ஒட்டுவதற்கு முன் மற்ற சுவர்களுக்கு வண்ணம் அடிக்க அக்காவைக் கூப்பிட்டேன். வந்தார். ஜன்னலைத் திறந்தார். பீரோவுக்குப் பின்னால் கையை விட்டார். கை நுழையவில்லை. இரண்டு கையாலும் பீரோவை இழுத்தார். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது.

“அதுக்குத்தானுங்கக்கா ஷீட்டு வாங்கியிருக்கேன்,” என்றேன். “மேல ஒட்டிட்டா தெரியாது.”

“தெரியாதுங்க. புண்ணு மேல வேட்டியக் கட்டிக்கிட்டாக்கூடத் தெரியாதுங்க. மறச்சா போயிருமுங்களா?”

அண்ணாந்து வென்டிலேட்டரைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. “இதென்னுங்க?”

“குளிருக்கு.”

“எடுங்க அத. மொதல்ல எடுங்க. செவுரு வேர்க்குது, அதுக்கு மூச்சு இல்ல. நாலு வெய்யிலு காயட்டும், சொரண்டி எடுத்துட்டுச் சுண்ணாம்பு அடிச்சுத் தாரேன். இந்த ஷீட்ட ஒட்டாதீங்க.”

எனக்கு அடுத்த வாரம் பூங்கொடியைக் கூட்டிவர நாள் பார்த்தாகிவிட்டது. இவர் வெயிலுக்குக் காத்திருக்கச் சொல்கிறார், அதுவும் ஐப்பசியில். போதாக்குறைக்கு நான் ஆசையாய் வாங்கிய கருநீல வண்ண டப்பாவைக் காலால் நகர்த்தி, “ஒத்தச் செவுத்துக்கு மட்டும் இந்தக் கருப்பா? இருக்கற எடமே ஒரு கையகலம், அதயும் குகையாக்கறீங்களா?” என்றார்.

“அக்கா, சொன்ன வேலையச் செய்யுங்க. யோசன நான் கேக்கல,” என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

“நான் மாட்டனுங்க,” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் திறந்த ஜன்னலைக்கூட மூடவில்லை. நான் மூடினேன். கீழேயிருந்து ஆள் வரவழைத்து ஷீட்டை ஒட்டி, வண்ணத்தையும் அடித்து முடித்தேன்.

பூங்கொடி வந்தாள். விளக்கைப் போட்டுக் காட்டினேன். “அழகா இருக்குதுங்க,” என்றாள். அவள் அதிர்ந்து பேசத் தெரியாதவள். எதற்கும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை, அவள் அப்பாவும் பார்த்ததில்லை. இரண்டாம் நாள், “ஏனுங்க, ஜன்னல சித்தத் தொறக்கட்டுங்களா? மூச்சு முட்டறாப்பல இருக்குது,” என்றாள். குளிர் உள்ளே வந்துவிடும் என்றேன். நான்காம் நாளும் கேட்டாள். கம்பளி போர்த்திக்கொள் என்றேன். வெளியே ஓயாத மழை. துவைத்த துணியை ஹாலிலேயே கொடி கட்டிக் காயப் போட்டோம். சோறு வெந்த ஆவி, குளியலறை ஆவி, இரண்டு பேர் மூச்சு, ஈரத்துணி, எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு மினுக்கு விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிய மடையன்!

பன்னிரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மருந்துப் பம்பை உறிஞ்சியும் நிற்கவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், மூக்கில் மருந்துப் புகை வைத்து, மூச்சு ஒழுங்குக்கு வரச் சாயங்காலமாகிவிட்டது. மறுநாள் காலையில் மாமனார் டாக்சியோடு வந்து நின்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தார், அவளை உட்காரவைத்தார், போய்விட்டார். பூங்கொடி கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டுக்காரர் கிடைத்தார். அவர் மிளகுக் கடையில் நாலு பேர் இருக்கும்போது போய்க் கத்தினேன். மச்சு ஒழுகுகிறது, சுவர் ஊறிப்போயிருக்கிறது, ஏமாற்றி வாடகைக்கு விட்டிருக்கிறீர்கள், என் பெண்டாட்டி உயிர் போகப் பார்த்தது என்றெல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நாலு ஊட்டுக்கும் ஒரே மச்சுதானுங்க. மத்த மூணு ஊட்லயும் ஒண்ணும் இல்லீங்களே,” என்றார். “சரிங்க, நீங்க சொல்றது நெசமானா நான் பாத்துத் தாரேன்,” என்று ஆளை அனுப்பினார். அவர் அனுப்பிய ஆள் அந்த அக்கா.

அக்கா வந்து ஒரு ஷீட்டின் ஓரத்தில் உளியைக் கொடுத்து நெம்பினார். செங்கல் டிசைன் பெயர்ந்து விழுந்தது. பின்னால் சுவர் கறுத்துப் போயிருந்தது. அழுகல் வாடை முகத்தில் அடித்தது. பன்னிரண்டு நாள் அவள் தலைமாட்டில் இருந்தது அது. அக்கா அந்தச் சுவரில் கொஞ்சம் இடத்தைச் சுரண்டித் துடைத்தார். பையிலிருந்து பால் பாக்கெட் கவர் ஒன்றை எடுத்து, விரித்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டினார்.

“எப்பவும் போல இருங்க. சோறாக்குங்க, துணியக் காயப் போடுங்க, எல்லாத்தயும் சாத்திக்குங்க. நாளைக்கு வாரேன். தண்ணி கவருக்குப் பொறவால இருந்தா செவுரு ஊறுது, மச்சக் கேக்கலாம். முன்னால இருந்தா உங்களக் கேக்கோணும்.”

மறுநாள் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கவரின் முன்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே காட்டினார். பிறகு டேப்பை உரித்துக் கவரின் பின்பக்கத்தைக் காட்டினார். உலர்ந்திருந்தது.

“மச்சு ஒழுகலீங்க. செவுரும் ஊறல. இது உங்க ஊட்டுக்குள்ள இருந்து வந்த தண்ணி. உங்க சோத்து ஆவி, உங்க துணி, உங்க மூச்சு. போக வழி இல்லாம குளுந்த செவுத்துல வந்து ஒட்டுது. அதுலதானுங்க பூசணம் பூக்குது.” தெர்மாகோலைக் காட்டினார். “உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?”

நான் தெர்மாகோலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்தக் கண்ணு மூச்சு முட்டுதுன்னு சொல்லுச்சுங்களா, இல்லீங்களா?”

“சொன்னா.”

“எத்தன தடவ சொல்லுச்சு?”

எண்ணிப் பார்த்தேன்.

“மலக்காத்து ஆகலைன்னு உங்க மாமனாரு சொல்றாருன்னு கேள்விப்பட்டேன். மலக்காத்த நீங்க எங்கீங்க உள்ள உட்டீங்க? ஒரு நா உட்டீங்களா? அடச்சு வெச்சுக் கொன்னிருப்பீங்க!”

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடையில் கத்தியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “அதுக்கென்னுங்க,” என்றார். அவர் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்தப் பெருந்தன்மையும் சேர்ந்து என் தலையில் விழுந்தது.

அக்காவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. சரியாகச் சொன்னவர்கள் மீது வரும் கோபம் இருக்கிறதே, அது சாமானியத்தில் இறங்காது.

மழை விட்டதும் வேலை ஆரம்பித்தது. தெர்மாகோலை எடுக்க ஏணியில் ஏறப் போனவரை நான் தடுக்கவில்லை, அவரே நின்றுவிட்டு உளியை என் கையில் கொடுத்தார். “அடச்சது நீங்க. தொறக்கறதும் நீங்களே தொறங்க.” மூன்றையும் பெயர்த்தேன். ஷீட் முழுவதையும் நானே உரித்தேன். சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு புதுத் துளை போடச் சொன்னார், வீட்டுக்காரர் சம்மதித்தார், அதையும் நானே போட்டேன். “காத்து ஒரு பக்கமா வந்தா இன்னொரு பக்கமாப் போகோணுங்க. வாரதுக்கு மட்டும் வழி வெச்சா அது எப்படீங்க வரும்?” என்று கீழே நின்று திட்டினார்.

பூசணத்தை உலர்ந்தபடி சுரண்டினால் வீடு முழுக்கப் பறக்கும் என்று ஈரத்துணியால் துடைத்து எடுத்தார். வாயில் துண்டு கட்டிக்கொண்டார், எனக்கும் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு எட்டு நாள் எதையும் தொடாமல் ஜன்னலைத் திறந்து போட்டு வைத்தார். நான் அவசரப்பட்டேன். “ஈரத்து மேல அடிச்சா தோலு தோலா உரியும். உங்க அவசரத்தச் செவுரு கேக்குமுங்களா?” கருநீலத்தின் மேல் இரண்டு நாள் உப்புத்தாள் தேய்த்துவிட்டுத்தான் சுண்ணாம்பு. ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று கை அடித்தார்.

கட்டிலை வெளிச்சுவரை விட்டு எடுத்து, பக்கத்து வீட்டோடு சேர்ந்த உள்சுவர்ப் பக்கம் போட்டார். அந்தச் சுவர் அவ்வளவு குளிராது. பீரோவை வெளியே அனுப்பிவிட்டு, பலாப் பலகையில் மூன்று தட்டு அடித்து, சுவருக்கும் பலகைக்கும் நடுவே விரல் நுழைய இடம் விட்டார். சாப்பாட்டு மேஜைக்குப் பதில் ஜன்னலடியில் கீல் வைத்து ஒரு பலகை, வேண்டும்போது தூக்கி மாட்டலாம், வேண்டாதபோது தொங்கவிடலாம். ஜன்னலுக்கு எதிரே என் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டியதும் ஹால் இன்னொரு பங்கு வெளிச்சமானது. துணிக்கொடி பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே போனது. கம்பளத்தைச் சுருட்டிக் கையில் கொடுத்து, “இத உங்க வீடியோக்காரனுக்கு அனுப்பிச்சுருங்க,” என்றார். ஒரு மூலையில் எதுவும் வைக்காமல் விட்டுவிட்டார். அங்கே என்ன வைப்பது என்று கேட்டேன். “ஒண்ணும் வேண்டாம். ஒரு எடமாச்சும் சும்மா இருக்கட்டுமுங்க.”

வீடு முடிந்தது. சேந்தமங்கலம் போய் மாமனாரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டார். “வேண்டாங்க மாப்ள. ஒருக்காப் பாத்ததே போதும்.” பூங்கொடி உள்ளே கதவோரம் நின்றிருந்தாள். நான் மலையேறி வந்து அக்காவிடம் மாமனார் அனுப்ப மாட்டேன் என்கிறார் என்றேன்.

“அவரு எதுக்குங்க அனுப்போணும்? அது என்ன பார்சலுங்களா? அந்தக் கண்ணக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அவள் அப்பாவிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அன்று சாயங்காலம் போன் செய்து, வருகிறாயா என்று கேட்டேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஜன்னல் தொறந்திருக்குதுங்களா?”

“தொறந்திருக்கு.”

மறுநாள் முதல் பஸ்ஸில் அவளே பையோடு வந்து செம்மேட்டில் இறங்கினாள். அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தாள். அவர் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. இழுப்பு முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பம்பு எப்போதும் அலமாரியில் இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலை நாங்கள் மறுபடி மிதிக்கவில்லை. அக்காவும் அவளும் ஒட்டிக்கொண்டார்கள். சந்தைக்கு வரும்போதெல்லாம் அக்கா எட்டிப் பார்ப்பார். பலகைக்குப் பின்னால் விரலை விட்டுத் தேய்ப்பார், முகர்ந்து பார்ப்பார். திட்ட ஒன்றும் கிடைக்காவிட்டால் சிடுசிடுவென்று போய்விடுவார். டீ குடிக்கச் சொன்னால், “பாத்திரத்துக்கு மூடி போட்டு வேக வெய்யி கண்ணு, ஆவி கொறயும்,” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவார். என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதே இல்லை. நானும் சொன்னதில்லை.

அடுத்த ஐப்பசியில் மாமனார் மலையேறி வந்தார். சொல்லாமல் வந்தார். மழை வந்தால் மகளுக்கு என்ன ஆகிறது என்று நேரில் பார்த்து, தேவைப்பட்டால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், இந்த முறை திருப்பி அனுப்புவதாக இல்லை என்று என் மைத்துனனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். காலையிலிருந்து அவள் மூச்சையே கவனித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெளியே மூட்டம் இறங்கி, தெரு தெரியவில்லை. ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்து அவர் முகத்தில் அடித்தது. அவரும் கீழூர்க்காரர்தானே. துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தார். ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மாமனார் சாத்திய ஜன்னலை நான் எப்படித் திறப்பேன்?

“ஜன்னலத் தொறங்கப்பா! அறிவில்லீங்களா உங்களுக்கு?”

வீடு அதிர்ந்தது. நான் வாசலைத்தான் திரும்பிப் பார்த்தேன், அந்த அக்கா வந்துவிட்டாரோ என்று. வாசலில் யாரும் இல்லை. சமையலறை நிலையில் பூங்கொடி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் சிவந்து, மூக்கு விடைத்து, ஏறி இறங்கும் நெஞ்சில் ஒரு விசில் சத்தம்கூட இல்லாமல் நின்றாள்.

மாமனார் மகளைப் பார்த்தார். முப்பது வருடத்தில் அவள் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்கிறார். தாழ்ப்பாளை நீக்கி ஜன்னலைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டார். ஒரு மணி பஸ்ஸில் அவர் மட்டும் இறங்கிப் போனார்.